தகட்டுக்கு அடியில்

கொள்ளி வைத்துவிட்டு வந்து தலையில் ஊற்றிய தண்ணீர்கூட இன்னும் காயவில்லை. சுகுமாறன் கேரி தீவின் ஓடைச் சேற்றில், படகுக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். காலையில் மழித்த தலை சேற்றில் பதிந்து குளிர்ந்தது. முகத்துக்கு மேலே ஒரு முழ உயரத்தில் படகின் அடிப்பலகை, பாசியும் சிப்பியும் ஒட்டி, கிழட்டு மாட்டின் வயிறு மாதிரி இறங்கி நின்றது.

“ஊத்துடா மச்சான்.”

படகுக்குள் நின்ற திருச்செல்வம் வாளியைக் கவிழ்த்தான். அவன் சுகுமாறனின் மனைவி புஷ்பவல்லிக்குத் தம்பி. எஸ்டேட்டில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன். வாயாடி. இரண்டு நாளாக அந்த வாயும் அடங்கிக் கிடந்தது.

“தெரியுதா மாமா?”

“இன்னும் ரெண்டு வாளி ஊத்து. ஓடைத் தண்ணிதானே, உங்கப்பன் வீட்டுத் தண்ணி மாதிரி பாத்துப் பாத்து ஊத்துற?”

“எங்கப்பன் வீட்டுத் தண்ணியைத்தான் கல்யாணத்தன்னைக்கே குடிச்சுத் தீத்துட்டீங்களே.”

பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. திருச்செல்வம் வாளியை எடுத்துக்கொண்டு மறுபடி ஓடைக்கு இறங்கினான்.

கடல் வற்றிய நேரம். ஓடையில் கணுக்கால் தண்ணீர்தான் இருந்தது. படகு இரண்டு தென்னங்கட்டைகள் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. உள்ளே தண்ணீரை நிரப்பினால் ஓட்டை இருக்கிற இடத்தில் வெளியே சொட்டும். அதைப் பார்க்கத்தான் கீழே கிடந்தார். பொழுது சாய்வதற்குள் தண்ணீர் திரும்ப ஏறிவிடும். அதற்குள் அடைத்து, காய்ந்து, படகு மிதந்தாக வேண்டும். நாளைக் காலையில் கிள்ளான் மின்சுடலையில் மகனின் சாம்பலைக் கொடுப்பார்கள். வாங்கிய கையோடு கடலில் கரைக்க வேண்டும். இந்தப் படகில்தான் கரைக்க வேண்டும் என்று பெற்றவள் சொல்லிவிட்டாள்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து வந்திருந்த சுகுமாறனின் அக்கா தனலெட்சுமி நல்லபடியாகத்தான் எடுத்துச் சொன்னாள். “கிள்ளான்ல இதுக்குன்னே தனியா ஒரு போட்டே வச்சிருக்காங்க புஷ்பா. லைஃப் ஜாக்கெட் குடுப்பாங்க, பூ சாமான் எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க. நம்ம போய் நின்னா போதும்லா.”

“என் புள்ள அடுத்தவன் போட்டுல ஏற மாட்டான் அண்ணி. அவனுக்குன்னு போட்டு இருக்கு.”

“அது ஒழுகுதுன்னு சொல்றாங்களேம்மா.”

“அடைக்கச் சொல்லுங்க உங்க தம்பிய. இப்பவாவது அடைக்கட்டும்.”

வீடு நிறைய ஆள். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். சுகுமாறன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஓடைக்கு வந்துவிட்டார்.

அவள் சொன்னதில் பொய் இல்லை. நாலு மாதமாகப் படகு ஒழுகிக்கொண்டிருந்தது. பெரிய ஒழுகல் இல்லை. ஒரு சுற்றுப் போய்த் திரும்பினால் அடியில் ஒரு வாளித் தண்ணீர் சேரும். மகன் குரு எண்ணெய் டப்பாவைப் பாதியாக வெட்டி வைத்துக்கொண்டு இறைத்து ஊற்றுவான். மேருவில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை அவனுக்கு. லீவு கிடைத்தால் படகில்தான் இருப்பான். தூண்டில் போடுவான், மீன் கிடைக்காவிட்டாலும் சும்மா மிதந்துகொண்டிருப்பான். அப்பாதான் பாமாயில் மில்லில் ஃபிட்டர். பைப்பு, வால்வு, பாய்லர் எதுவானாலும் அடைக்கத் தெரிந்த ஆள். அவர்தான் அடைத்துத் தருவதாகச் சொல்லியிருந்தார். ஒவ்வொரு சனிக்கிழமையும் சொன்னார். ஒவ்வொரு சனிக்கிழமையும் மில்லில் ஏதாவது ஒன்று புட்டுக்கொள்ளும், ஓவர்டைம் வரும், போய்விடுவார்.

போன சனிக்கிழமையும் போனார். காலையில் சட்டை மாட்டும்போது குரு வாசலில் நின்று சிரித்தான். “நீங்க ஓவர்டைம் பாருங்கப்பா. போட்டு மூழ்கினதும் ரெண்டு பேரும் அடியில உக்காந்து நிதானமா அடைப்போம்.”

“அடுத்த வாரம் கண்டிப்பா பாத்துடலாம்யா.”

“வேணாம் விடுங்க. நானே போய் ஓட்டை அடைக்கிற ரெசின் வாங்கிட்டு வரேன். யூட்யூப்ல பாத்துட்டேன், ஒண்ணும் பெரிய வித்தை இல்ல.”

மோட்டார் சைக்கிளில் போனான். வாங்கிவிட்டான். திரும்பி வரும்போது பாலத்துக்கு முந்திய சிம்பாங் முச்சந்தியில் கன்டெய்னர் லோரி திரும்பியது. அவ்வளவுதான்.

மருத்துவமனையில் உடம்பைக் கொடுக்கும்போது போலீஸ்காரர் ஒரு பிளாஸ்டிக் பையையும் கொடுத்தார். பையில் குருவின் பர்ஸ், கண்ணாடி உடைந்த கைப்பேசி, நசுங்கிய ரெசின் டின், சின்ன பாட்டிலில் அதை இறுக வைக்கும் மருந்து, சுருட்டிய ஃபைபர் துணி. டின் நசுங்கியிருந்தாலும் மூடி விட்டுக்கொடுக்கவில்லை. வாங்கிய பொருள் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. வாங்கப் போனவன்தான்.

உடம்பை வீட்டில் கிடத்தியிருந்தபோது புஷ்பவல்லி அழுகைக்கு நடுவில் நிமிர்ந்து அவரைப் பார்த்துச் சொன்னாள். “நீ அடைச்சிருந்தா அவன் ஏன் போறான்?” கல்யாணமான நாளிலிருந்து ‘ஏங்க, வாங்க’ என்றுதான் பேசியிருக்கிறாள். நீ என்று சொன்னது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு ‘ங்க’ திரும்பி வரவே இல்லை.

நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது.

சுகுமாறன் கண்ணை மூடித் திறந்தார். இன்னொரு சொட்டு. நடுப்பலகையில், பின்பக்கமாக ஒரு கை தள்ளி, பாசிக்கு நடுவில் ஈரம் கசிந்து உருண்டு விழுந்தது. விரலால் அந்த இடத்தைச் சுரண்டினார். மரம் மாவாக வந்தது.

“போதும்டா. தண்ணிய இறைச்சுட்டு மிதிபலகையத் தூக்கு. பின்னாடி, நடுப்பலகை.”

மேலே காலடி மட்டும் ஒரு தடவை நகர்ந்து நின்றது.

“என்னடா?”

“மாமா, அங்கதான் தகடு இருக்கு.”

தகடு இருப்பது சுகுமாறனுக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்பு முகத்துவாரத்தில் அலை தூக்கி அடித்துப் படகு கவிழ்ந்தது. குரு மிதவையைப் பிடித்துக்கொண்டு அரை நாள் கிடந்து, பக்கத்து மலாய்க் கம்பத்து மீனவர்கள் பார்த்துத் தூக்கி வந்தார்கள். புஷ்பவல்லி எஸ்டேட் காளியம்மன் கோவிலில் போய் விழுந்தாள். அருள் வந்தவர் சொன்னபடி மகன் பேரும் நட்சத்திரமும் எழுதிய செப்புத் தகடு ஒன்று செய்து வாங்கி, படகுக்குள் மிதிபலகைக்கு அடியில் அடித்து வைத்தாள். சுகுமாறன் அன்றைக்கும் ஷிஃப்டில்தான் இருந்தார். வந்து கேள்விப்பட்டுச் சிரித்தார். பலகையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

இப்போது சேற்றிலிருந்து எழுந்து படகில் ஏறி, தண்ணீரை இறைத்ததும் பலகையைத் தூக்கிப் பார்த்தார். உள்ளங்கை அகலத் தகடு. பச்சை பூத்துக் கிடந்தது. அதன் மேல் பல வெள்ளிக்கிழமைகளின் மஞ்சளும் குங்குமமும் அடுக்கடுக்காகக் காய்ந்திருந்தன. நாலு மூலையிலும் ஆணி இருக்க வேண்டிய இடத்தில் செங்கல் பொடி மாதிரித் துரு. நகத்தால் நெம்பினார். தகடு வெந்த தோசை மாதிரிக் கையோடு வந்தது. ஆணியின் கொண்டைகள் மட்டும் தகட்டோடு ஒட்டி வந்தன. ஆணியின் உடம்பைக் காணோம். அது இருந்த இடத்தில் மரம் கறுத்து, நனைந்த ரொட்டியாகக் குழைந்திருந்தது. ஒரு மூலையில் விரலை அழுத்தினார். விரல் நுனிக்கு வெளிக்காற்று பட்டது.

“என்ன ஆணிடா இது?”

“இரும்பு ஆணி மாமா.”

“செம்புத் தகட்டுக்கு? உப்புத் தண்ணி நிக்கிற இடத்துல?”

“சாமிதான் சொல்லுச்சு. இரும்புலதான் அடிக்கணும், இரும்புக்குத்தான் கெட்டது எல்லாம் பயந்து ஓடும்னு. எங்கிட்ட லோரி டூல்ஸ்ல பித்தளை ஆணி இருந்துச்சு. அக்காகிட்டக் கேட்டேன். வேணாம்டா, இரும்புதான்னு சொல்லிட்டாங்க. அக்கா தகட்டப் பிடிச்சுக்கிட்டாங்க, நான் அடிச்சேன்.”

“செம்பு இரும்பைத் தின்னுரும்டா. உப்புத் தண்ணி நடுவுல உக்காந்து ஊட்டி விடும். மில்லு படகுத்துறையில இரும்பு பைப்புல பித்தளை வால்வ மாட்டுனா ஒரு வருசத்துல பைப்பு போயிரும். இது ஆணி. எத்தினி நாளைக்குத் தாங்கும்? ஆணியைத் தின்னு மரத்தையும் அவிச்சிருச்சு.”

திருச்செல்வம் வாளியைக் கீழே வைத்தான். “அப்ப ஒழுகல் இதனாலதானா?”

“இதனாலதான்.”

“குரு இதை அடைக்கத்தானே மாமா…”

“வாய மூடு.”

கணக்கு இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் வந்தது. தகடு, ஆணி, ஓட்டை, ரெசின், லோரி. எண்ணிப் பார்க்க ஐந்து விரல் போதும்.

சுகுமாறன் படகு விளிம்பில் உட்கார்ந்தார். துக்கம்தான் வரும் என்று அவரே நினைத்தார். வந்தது வேறு. நெஞ்சில் வைத்திருந்த பாறாங்கல்லை யாரோ ஒரு ஓரம் தூக்கிப் பிடித்த மாதிரி இருந்தது. நான் இல்லை. இந்த ஓட்டை என்னால் வரவில்லை. சனிக்கிழமையிலிருந்து வீட்டுக்குள் ஒரு நாய் மாதிரிச் சுவரோரமாக நடந்துகொண்டிருந்தவருக்கு அந்த இரண்டு வார்த்தை சோறு மாதிரி இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் இருந்தது.

தகட்டைக் கைலி மடிப்பில் செருகிக்கொண்டு இறங்கினார்.

“மாமா, எங்க போறீங்க?”

“வரேன்.”

“மாமா, சொல்லிராதீங்க மாமா. நான்தானே அடிச்சேன். என்னச் சொல்லுங்க. அக்கா செத்துரும்.”

அவர் திரும்பவில்லை. செம்பனைக்கு நடுவில் செம்மண் பாதை, வீட்டுக்குப் பத்து நிமிட நடை. நடந்துகொண்டே சொல்ல வேண்டியதைச் சேர்த்தார். சத்தம் போடக் கூடாது. எல்லோர் முன்னாலும் தகட்டை அவள் மடியில் போட வேண்டும். அடைக்கல அடைக்கலன்னு சொன்னியே, இதோ பாரு, இதைத்தான். வேறு ஒன்றும் சொல்ல வேண்டாம். அக்காள் தனலெட்சுமி பார்க்கட்டும். தரையைப் பார்த்தவர்கள் எல்லாம் பார்க்கட்டும். தகட்டின் மூலை இடுப்பில் குத்தியது. குத்தட்டும் என்று நடந்தார்.

முன்னறையில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். புஷ்பவல்லி சுவரில் சாய்ந்திருந்தாள். பக்கத்து வீட்டு இராஜம்மா கிண்ணத்தில் கஞ்சியை வைத்துக்கொண்டு ஒரு வாய் குடி, ஒரு வாய் குடி என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். புஷ்பவல்லி குடிக்கவில்லை. பேசிக்கொண்டிருந்தாள். அழுகை வற்றிப்போன குரல்.

“நான் ஒரு குறையும் வைக்கலக்கா. தண்ணியில கண்டம்னாங்க. தகடு செஞ்சேன். என் கையால பிடிச்சு அடிக்க வச்சேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போய்ப் பொட்டு வச்சேன். மழையிலகூடப் போவேன், நீங்க பாத்திருக்கீங்க.”

“பாத்திருக்கேன்மா. குடி.”

“அப்புறம் தண்ணி அவனத் தொடல பாத்தீங்களா? எத்தினி தடவ போயிட்டு வந்தான். ஒரு கீறல் இல்ல. நான் கேட்டத அம்மா குடுத்துட்டா. நான்தான் ரோட்டுக்கும் சேத்துக் கேக்காம விட்டுட்டேன். கேட்டிருந்தா அதையும் குடுத்திருப்பா.”

“குடுத்திருப்பா, குடுத்திருப்பா.”

“பெத்தவ செய்யிறத நான் செஞ்சேன்க்கா. அது மட்டும் எனக்கு இருக்கு.”

சுகுமாறன் நிலைப்படியில் நின்றார். கை இடுப்பில் தகட்டின் மேல் இருந்தது. புஷ்பவல்லி நிமிர்ந்து பார்த்தாள்.

“என்ன? அடைச்சாச்சா?”

அவள் கண்ணுக்குக் கீழே வீங்கிக் கறுத்திருந்தது. கூந்தலை யாரும் முடிந்துவிடவில்லை. இப்போது மடியில் தகட்டைப் போட்டால் இவள் எதைப் பிடித்துக்கொண்டு நாளைக்கு எழுந்திருப்பாள் என்று அவருக்குத் தோன்றியது. பெரிய யோசனை ஒன்றும் இல்லை. பாய்லர் பக்கத்தில் வேலை செய்கிறவனுக்கு எந்த வால்வைத் திறக்கக் கூடாது என்று கைக்குத் தெரியும். அவ்வளவுதான்.

“இல்ல. பழைய துணி வேணும். தொடைக்க.”

“இங்க அவன் துணிதான் கிடக்கு. தொட்டுராத.”

இராஜம்மா எழுந்து தன் வீட்டிலிருந்து ஒரு கிழிந்த கைலியைக் கொண்டுவந்து கொடுத்தாள். “போப்பா. வேலையப் பாரு,” என்றாள் தணிந்த குரலில்.

அவர் திரும்பி வந்தபோது திருச்செல்வம் விட்ட இடத்திலேயே நின்றிருந்தான். மாமன் முகத்தைப் பார்த்தான், கையைப் பார்த்தான்.

“சொல்லல,” என்றார் சுகுமாறன். “நீயும் சொல்லாத. குடிச்சாலும் சொல்லாத. சொன்னா உன் பல்லக் கழட்டிருவேன்.”

திருச்செல்வம் படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு குலுங்கினான். அவன் அழட்டும் என்று விட்டுவிட்டு அவர் உளியை எடுத்தார்.

வேலை என்று இறங்கிவிட்டால் அவருக்குக் கை தானாக ஓடும். அவிந்த மரத்தைக் கெட்டி மரம் தட்டுப்படும் வரை செதுக்கி எடுத்தார். சின்ன ஓட்டை ஒரு முட்டை அளவுக்கு ஆனது. கைலித் துணியால் ஒற்றி, அடுப்புச் சிலிண்டரில் மாட்டிய நெருப்பு டார்ச்சால் சுற்றிலும் வாட்டினார். ஈரமிருந்தால் ரெசின் பிடிக்காது. மரத்திலிருந்து ஆவி வந்தது, பிறகு நின்றது. பலா மரத்துண்டு ஒன்றைச் சீவி ஆப்பு செய்து தட்டி இறக்கினார். எல்லாம் சரியாக வந்தது. நாலு மாதம் தள்ளிப்போட்ட வேலை, ஒரு மணி நேரம்கூடப் பிடிக்கவில்லை. அதை நினைக்கும்போது மட்டும் சுத்தியல் நின்றது. ஓட்டை யாரால் வந்திருந்தால் என்ன, அடைக்க ஒரு மணி நேரம்தான் தேவைப்பட்டது. அந்த ஒரு மணி நேரத்தை அவர் கொடுக்கவில்லை. தகடு அந்தக் கணக்கை அழிக்கவில்லை.

“அந்தப் பையை எடு.”

கருவிகளோடு கொண்டுவந்திருந்த போலீஸ் பையைத் திருச்செல்வம் தயங்கி நீட்டினான். சுகுமாறன் நசுங்கிய டின்னை ஸ்குரூ டிரைவரால் திறந்தார். ரெசின் தேன் மாதிரி இருந்தது. மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கினார். ஃபைபர் துணியை விரித்தபோது ஒரு மூலையில் பழுப்பாகக் கறை இருந்தது. சேறு இல்லை. இரண்டு பேரும் அதைப் பார்த்தார்கள்.

“அந்த மூலைய வெட்டிரலாம் மாமா.”

“வெட்டுனா பத்தாது.”

போதுமானதாகத்தான் இருந்திருக்கும். துணி தாராளமாக இருந்தது. வெட்டினால் அதை எங்கே போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. கறையோடு மடித்து உள்பக்கம் வைத்து ரெசினை மேலே தடவினார். துணி கண்ணாடி மாதிரித் தெளிந்து மரத்தோடு ஒட்டியது. பிறகு கீழே கிடந்து வெளிப்பக்கமும் ஒட்டினார். மருந்து நாற்றம் மூக்கில் ஏறி இருவருக்கும் கண் எரிந்தது. அந்த எரிச்சல் நல்லதாகப் போயிற்று.

மிதிபலகையை மூடப்போனார். திருச்செல்வம் தடுத்தான்.

“மாமா, தகடு. அக்கா காலையில வந்து முதல்ல அதைத்தான் பாக்கும்.”

அது உண்மை. சுகுமாறன் தகட்டை எடுத்துத் துடைக்காமல், குங்குமம் உதிராமல், மிச்ச ரெசினைப் பின்னால் தடவி அதே இடத்தில் பதித்தார். ஆணிக் கொண்டைகளில் ஒன்று விழுந்திருந்தது. சேற்றில் தேடி எடுத்து அதையும் மூலையில் ஒட்டி வைத்தார். தள்ளி நின்று பார்த்தார். அடித்து வைத்த மாதிரியே இருந்தது.

“இந்த நாறப் பொழப்பும் பாக்க வேண்டியதாப் போச்சு,” என்றார்.

பொழுது சாய்வதற்கு முன் ஓடையில் தண்ணீர் ஏறியது. படகு கட்டையை விட்டு எழும்பி மிதந்தது. இரண்டு பேரும் உள்ளே குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு பொட்டு ஈரம் வரவில்லை.

மறுநாள் காலையில் சாம்பலை மண்கலயத்தில் வாங்கி வெள்ளைத் துணி கட்டி ஓடைக்குக் கொண்டுவந்தார்கள். பெண்கள் கடலுக்கு வரக்கூடாது என்று தனலெட்சுமியும் வேறு சிலரும் சொன்னார்கள். “பெத்தவ வராம யாரு வருவா?” என்று கேட்டுவிட்டுப் புஷ்பவல்லி கலயத்தை வாங்கிக்கொண்டு படகில் ஏறினாள். தேங்காய், பால், பூ, அரிவாள் எல்லாம் ஒரு சாக்கில் இருந்தன. திருச்செல்வம் எஞ்சினைப் பிடித்தான். சுகுமாறன் நடுவில் உட்கார்ந்தார்.

அவள் ஏறியதும் மிதிபலகையைத் தூக்கினாள். தகட்டைப் பார்த்தாள். சுற்றிலும் விரலால் தடவினாள். காய்ந்திருந்தது.

“சொட்டுத் தண்ணி இல்லக்கா,” என்றான் திருச்செல்வம், அவசரமாக.

“இத போன வாரம் பண்ணியிருந்தா போதுமே,” என்றாள் அவள். சுகுமாறனைப் பார்த்துச் சொல்லவில்லை. தகட்டைப் பார்த்துச் சொன்னாள்.

முகத்துவாரம் தாண்டித் தண்ணீர் நிறம் மாறுகிற இடத்தில் எஞ்சினை நிறுத்தினார்கள். அலை சின்னதாக இருந்தது. சுகுமாறன் தேங்காய் உடைத்து, பாலை விட்டு, கலயத்தைத் தோளில் வைத்துத் திரும்பி நின்று பின்பக்கமாக விட்டார். கலயம் மூழ்க மறுத்தது. சற்று நேரம் சாய்ந்து மிதந்து, வாய் வழியாகத் தண்ணீர் குடித்து, பிறகு போனது. சாம்பல் ஒரு வெள்ளைப் பாய் மாதிரி விரிந்து அலையோடு கிழிந்தது. புஷ்பவல்லி விளிம்புக்கு நகர்ந்தாள். பூவை ஒவ்வொன்றாகப் போட்டாள். பூ தீர்ந்ததும் சாக்கிலிருந்து அரிவாளை எடுத்தாள்.

“என்னக்கா?”

“தகடு. அவன் பேரு எழுதினது. இனிமே இங்க எதுக்கு? அவனோடயே போகட்டும்.”

பலகையைத் தூக்கி அரிவாள் முனையைத் தகட்டின் விளிம்பில் செருகினாள். அது அசையவில்லை. பலமாக நெம்பினாள். ரெசின் கிறீச்சென்றது. அடியில் இருந்த ஃபைபரும் சேர்ந்து இழுபட்டது.

சுகுமாறன் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். “வேணாம் புஷ்பா.”

“கைய விடு.”

“எடுத்தா தண்ணி வந்துரும்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பார்வை அவர் கண்ணை விட்டு நகரவில்லை. “தகட்ட எடுத்தா ஏன் தண்ணி வருது?”

அவர் தகட்டைப் பார்த்தார்.

“கேக்குறேன்ல? நாலு ஆணி அடிச்ச தகடு. அத எடுத்தா தண்ணி ஏன் வரும்?”

பின்னாலிருந்து திருச்செல்வம் உடைந்த குரலில் ஆரம்பித்தான். “அக்கா, அந்த ஆணி…”

“நீ எஞ்சினைப் பாருடா!” சுகுமாறன் போட்ட சத்தத்தில் படகே அதிர்ந்த மாதிரி இருந்தது. பிறகு குரலை இறக்கி, அவள் மணிக்கட்டை விடாமல் சொன்னார். “ஓட்டை அதுக்குப் பக்கத்துலதான் இருந்துச்சு. பலகை மக்கிப் போச்சு. மேல வச்சு அடைக்கக் கையில வேற தகரம் இல்ல. உன் தகட்டத்தான் பேத்தெடுத்து ஓட்டை மேல போட்டு ஒட்டினேன்.”

அவள் தகட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“சாமித் தகட்ட?”

“ஆமா.”

“என் புள்ள பேரு எழுதின தகட்ட… ஓட்டைக்கு ஒட்டுப் போட்ட?”

“ஆமா.”

“காலு மிதிக்கிற இடத்துல, அழுக்குத் தண்ணிக்கு மூடி மாதிரி?”

“வேற ஒண்ணும் கெடைக்கல.”

அவள் அரிவாளைக் கீழே போட்டாள். கையை அவர் பிடியிலிருந்து உருவிக்கொண்டாள். அடிப்பாள் என்று நினைத்தார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் பலகையை எடுத்துத் தகட்டை மெதுவாக மூடினாள், தூங்குகிற பிள்ளைக்குப் போர்வை இழுத்துவிடுகிற மாதிரி. எழுந்து போய்ப் படகின் முன்முனையில், முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

எஞ்சின் உறுமியது. திருச்செல்வம் முன்னால் பார்த்துக்கொண்டு அழுதபடியே ஓட்டினான். காற்றில் அவள் கூந்தல் அவிழ்ந்து பறந்தது. சுகுமாறன் நடுவில் உட்கார்ந்து மிதிபலகையின் மேல் பாதத்தை வைக்காமல் தூக்கி வைத்துக்கொண்டார். கரை வரும்வரை அப்படியே வந்தார். கால் மரத்துப்போனது.

ஓடைக்கரையில் தனலெட்சுமியும் இராஜம்மாவும் மஞ்சள் தண்ணீருடன் நின்றார்கள். படகு கரை தட்டியதும் சுகுமாறன் கையை நீட்டினார். புஷ்பவல்லி அந்தக் கையைப் பிடிக்கவில்லை. தம்பியைக் கூப்பிட்டு அவன் தோளைப் பிடித்து இறங்கினாள்.

“நல்லபடியா முடிஞ்சிச்சாம்மா?” என்றாள் தனலெட்சுமி.

“முடிஞ்சிச்சு அண்ணி.” புஷ்பவல்லி காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். “நான் இன்னைக்கே தம்பி வீட்டுக்குப் போறேன். பதினாறு வரைக்கும் அங்கதான் இருப்பேன். அதுக்கப்புறமும் பாக்கலாம்.”

“என்னம்மா பேச்சு இது? வீட்டுல விளக்கு எரியணும்ல?”

“உங்க தம்பி ஏத்தட்டும்.”

தனலெட்சுமி தம்பியைப் பார்த்தாள். அவள் பார்வையில் இப்போது கோபமும் இருந்தது. என்ன செய்து தொலைத்தாய் என்ற கோபம். சுகுமாறன் கயிற்றை எடுத்துக்கொண்டு குனிந்தார். பெண்கள் செம்மண் பாதையில் நடந்தார்கள். புஷ்பவல்லியை இராஜம்மா இடுப்பில் கைகொடுத்துக் கூட்டிப்போனாள். அவள் நடை தள்ளாடியது. ஆனால் நடந்தாள்.

திருச்செல்வம் மட்டும் போகாமல் நின்றான்.

“மாமா, இது நியாயமில்ல மாமா. நான் போய்ச் சொல்லிடுறேன். அக்கா உங்கள விட்டே போயிரும்.”

“உன் வீட்டுக்குத்தானே வருது. சோறு ஒழுங்காப் போடு. மருந்து மாத்திரைய மறக்காம குடு. வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போகணும்னா கூட்டிட்டுப் போ.”

“மாமா…”

“அந்தக் கயித்துத் தலைய இந்தப் பக்கம் போடுடா. தண்ணி இன்னும் ஏறும்.”

திருச்செல்வம் கயிற்றை எடுத்துப் போட்டான். சுகுமாறன் அதை மரக்குற்றியில் இரண்டு சுற்றுச் சுற்றி, கொஞ்சம் தளர விட்டுக் கட்டினார்.